காசுக்குப் பதில் சேவை: ஃப்ரீலான்சர் ஒப்புக்கொள்ளலாமா?

"பட்ஜெட் இல்லை, வெப்சைட் செய்து கொடுங்கள், பதிலுக்கு ஒரு வருட ஜிம் மெம்பர்ஷிப் தருகிறேன்" என்று வாடிக்கையாளர் சொன்னால் ஒப்புக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த ஜிம்மில் எப்படியும் காசு கட்டிச் சேர்ந்திருப்பீர்களா? ஆமாம் என்றால் பேசலாம். இல்லையென்றால் அது ஓசி வேலைதான்.

பேசும்போது இரண்டு பக்கத்தையும் ரூபாயில் எழுதிக்கொள்ளுங்கள். வெப்சைட் 25,000, மெம்பர்ஷிப் 15,000 என்றால் மீதி 10,000 ரொக்கமாக வர வேண்டும். மெம்பர்ஷிப் எந்தத் தேதியில் தொடங்கும், நடுவில் ஜிம்மை மூடிவிட்டால் என்ன என்பதெல்லாம் வாட்ஸ்அப்பிலாவது பதிவாகட்டும். தகராறு பெரும்பாலும் திருத்தத்தில்தான் வரும். உங்களுக்கு ஜிம் ஒரு வருடத்தோடு முடிந்துவிடும். அவருடைய "இந்த பேனரை மட்டும் மாத்திடுங்க" முடியவே முடியாது. எத்தனை தடவை என்று முதலிலேயே எண் போட்டுவிடுங்கள்.

அப்புறம் வரி. பணம் கைமாறவில்லை என்பதால் இந்தியாவில் வரி இல்லாமல் போகாது. தொழில் வழியாகக் கிடைத்த பலனின் மதிப்பும் வருமானம்தான். ஜிஎஸ்டி சட்டமும் பண்டமாற்றைச் சப்ளையாகவே, அதாவது காசுக்கு விற்றது போலவே, பார்க்கிறது. நீங்கள் பதிவு செய்தவர் என்றால் முழு 25,000க்கும் பில் போட வேண்டும், கைக்கு வந்த 10,000க்கு மட்டும் அல்ல.