வாசகர் கேள்வி: சும்மா வந்த சிப்பாய்

கேள்வி: ஐயா, ஏழாவது படிக்கும் என் மகன் நாகர்கோவிலில் ஒரு செஸ் போட்டிக்குப் போனான். எதிரே இருந்த பையன் டி4, சி4 என்று ஆடி ஒரு சிப்பாயைச் சும்மா நீட்டியிருக்கிறான். இவன் வெட்டினான், ஏழாவது நகர்த்தலில் யானை போய்விட்டது. அந்தச் சிப்பாயைத் தொடவே கூடாதா?
– ஒரு தாய், மார்த்தாண்டம்

பதில்: வெட்டலாம் அம்மா. இந்தத் தொடக்கத்துக்குக் குயின்ஸ் கேம்பிட் என்று பெயர் (டி4, சி4 என்பதெல்லாம் காய் போய் நிற்கும் கட்டத்தின் பெயர்). வெட்டியதை விடமாட்டேன் என்று பிடித்துக்கொண்டதுதான் தப்பு. நகர்த்தல்களை எழுதி நீங்கள் அனுப்பிய தாளில் மூன்றாவது வரியில் பி5 என்று அழுத்தி எழுதியிருக்கிறான், அங்கேதான் வண்டி கவிழ்ந்தது. வெள்ளை இ3 ஆடி பிஷப்புக்கு வழி திறந்ததும் சிப்பாயைக் காப்பாற்ற இவன் பி5, அவன் ஏ4 என்று இடிக்க இவன் சி6 என்று முட்டுக் கொடுக்க, பி5-இல் ஒன்றுக்கொன்று வெட்டிக்கொண்டதும் வெள்ளை ராணி எஃப்3-க்கு வந்து நிற்கிறது. மூலையில் இருக்கும் யானைக்கும் அதற்கும் நடுவே ஒரு காய்கூட இல்லை. குதிரையைக் குறுக்கே போட்டால் குதிரை போகும், செக்கோடு.

எனக்கும் இதே அடி விழுந்திருக்கிறது, தக்கலையில், பத்தாவது படிக்கும்போது. பதறிப்போய் குதிரையைத் தொட்டுவிட்டேன், தொட்டால் ஆடியே ஆகணும் இல்லையா, ஆடினேன். அப்புறம் வெளியே வந்து இரண்டு பழம்பொரி தின்றேன்.

சரி, என்ன ஆடுவது? சிப்பாயை அவனே எடுத்துக்கொள்ளட்டும். அவன் பிஷப் அதைத் தின்ன வருகிற நேரத்தில் குதிரை எஃப்6, இ6, பிறகு சி5 என்று நடுவை இடிக்கலாம். இல்லாவிட்டால் இரண்டாவது நகர்த்தலிலேயே வெட்டாமல் இ6. 1927-இல் புவனோஸ் ஐரிஸில் காப்பாபிளாங்காவும் அலெகினும் உலகப் பட்டத்துக்கு ஆடிய 34 ஆட்டங்களில் 32 இந்த வெட்டாத வகைதான் (பார்த்தவர்கள் பாவம்). நம்ம குகேஷ் 2024-இல் சிங்கப்பூரில் டிங் லிரெனை முதலில் வென்ற மூன்றாவது ஆட்டமும் இதுவே, அங்கே வெள்ளையே டி5-இல் வெட்டி மாற்றிக்கொண்டது.

கேள்வி: இதே தொடக்கத்தில் ‘யானைப் பொறி’ என்கிறார்களே, யானை எங்கே?
– வாசகர், குளச்சல்

பதில்: யானை அசையவே அசையாது. ஜி5-இல் நிற்கும் பிஷப் கருப்புக் குதிரையை ராணியோடு கட்டிப்போட்டிருக்கிறது என்று நம்பி வெள்ளை, டி5 சிப்பாயைக் குதிரையால் வெட்டும். கட்டிக்கிடந்த குதிரையோ ராணியை விட்டுவிட்டுத் திருப்பி வெட்டும். பிஷப் ராணியைத் தின்னும், உடனே பி4-இல் கருப்பு பிஷப் செக், தடுக்க வெள்ளை ராணியே வந்து விழவேண்டும். எல்லாம் வெட்டி முடிந்தால் கருப்புக்கு ஒரு குதிரை லாபம், வெள்ளைக்கு அந்த ஒரு சிப்பாய்தான்.