பாதி நாளிலிருந்து தொடங்குங்கள்

கேள்வி: என் கணவருக்கு வயது 39. கரூரில் ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் கணக்காளர். சம்பளம் 19,000 ரூபாய். எட்டு மாதத்துக்கு முன் வேலை முடிந்து வண்டியில் வரும்போது வேன் மோதி, தலையில் அடிபட்டு ஆபரேஷன் நடந்தது. இப்போது நன்றாக நடக்கிறார், பேசுகிறார். ஸ்கேனும் சரியாக இருக்கிறது என்கிறார்கள். போன மாதம் வேலைக்குப் போனார். மூன்றாம் நாளே பில்லில் தப்பு, கேட்டதற்கு ஆபீஸில் கத்தல், வீட்டுக்கு வந்தால் படுக்கை. "உடம்பு நல்லாத்தானே இருக்கு, இது சோம்பல்" என்கிறார் மாமியார். ராஜினாமா கொடுத்துவிடலாமா?
- ஒரு சகோதரி, கரூர்

பதில்: அன்புச் சகோதரிக்கு, இப்போதைக்கு எந்த ராஜினாமாக் கடிதத்திலும் அவர் கையெழுத்துப் போட வேண்டாம். மாமியாரிடமும் சொல்லுங்கள், இது சோம்பல் இல்லை. அந்தக் களைப்பும் காயத்தின் ஒரு பகுதிதான்.

மறுவாழ்வுப் பிரிவில் நான் வேலை பார்த்தபோது, தலையில் அடிபட்டுத் தேறியவர்களை டீ போடச் சொல்வோம். ஜவுளிக் கடை விற்பனையாளர் ஒருவர் பாலை அடுப்பில் வைத்தார், சர்க்கரை போட்டார். அந்த நேரம் பார்த்து போன் அடித்தது. பேசிவிட்டு வந்தவர், தூள் போட்டாயிற்று என்ற நினைப்பில் நேராக வடிகட்டினார். டம்ளரில் வெறும் பால். வடிகட்டியில் ஒன்றும் தங்கவில்லையே என்று அதையே பார்த்துக்கொண்டு நின்றார். டீ போட அவருக்குத் தெரியும், கையிலும் பழுதில்லை. நடுவில் வந்த ஒரு போன் வரிசையைக் கலைத்துவிட்டது. அவ்வளவுதான்.

உங்கள் கணவரின் மேஜையை இப்போது நினைத்துப் பாருங்கள். டேலி என்ற கணக்கு மென்பொருளில் என்ட்ரி போடும்போதே லாரிக்காரர் பில் கேட்பார், முதலாளி கூப்பிடுவார், போன் அடிக்கும். ஒன்றை விட்டு இன்னொன்றுக்குப் போய்த் திரும்புவதும், வந்த கோபத்தை அடக்குவதும் மூளையின் முன்பகுதி செய்கிற வேலை. தலைக் காயத்தில் அடிக்கடி பாதிக்கப்படுவதும் அந்தப் பகுதிதான். முன்பு தானாக நடந்ததை எல்லாம் இப்போது அவர் முயன்று செய்கிறார். சாயங்காலம் விழுந்து படுப்பதில் என்ன ஆச்சரியம்?

ஸ்கேன் இதைக் காட்டாது. நினைவு, கவனம், திட்டமிடல் ஆகியவற்றைத் தனித்தனியாகச் சோதிக்கும் நியூரோசைக்காலஜி பரிசோதனை செய்ய வேண்டும். வேலூர் சிஎம்சியிலும் பெங்களூரு நிம்ஹான்ஸிலும் அந்த வசதி உண்டு. எது நன்றாக இருக்கிறது, எது குறைந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பாதிச் சண்டை வீட்டில் நின்றுவிடும்.

அப்புறம், ஆபீஸை முதலில் வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். காலையில் அதே நேரத்துக்குக் குளித்துக் கிளம்பி, மேஜையில் உட்காரட்டும். பழைய வவுச்சர் கட்டு ஒன்றை வாங்கி வந்து என்ட்ரி போடச் சொல்லுங்கள். எத்தனை மணிக்குத் தப்பு வர ஆரம்பிக்கிறது என்று பக்கத்தில் இருந்து குறித்துவையுங்கள். இரண்டு வாரத்தில் அவருடைய அளவு உங்களுக்குத் தெரிந்துவிடும்.

அந்தக் குறிப்போடு முதலாளியிடம் நீங்களும் கூடப் போய்ப் பேசுங்கள். "முழுசா சரியாயிட்டார்" என்று சொன்னால் முழு வேலையும் தலையில் விழும். "தலையில அடி, பார்த்துக்கோங்க" என்றால் பயந்துவிடுவார்கள். "இரண்டு மணி நேரம் தெளிவாகச் செய்வார், அதற்குப் பிறகு அரை மணி ஓய்வு வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு வேலை கொடுங்கள், வாயால் சொல்வதை வாட்ஸ்அப்பிலும் போட்டுவிடுங்கள்" என்று கேளுங்கள். முதல் மாதம் பாதி நாள் போதும். 11, 20 தேதிகளில் வரும் ஜிஎஸ்டி கணக்குத் தாக்கல் நெருக்கடியை வேறொருவர் பார்க்கட்டும். பணம் அனுப்பும் முன் இன்னொருவர் சரிபார்க்கட்டும், அது அவருக்கும் பாதுகாப்பு.

1848இல் அமெரிக்காவில் ஃபினியஸ் கேஜ் என்ற ரயில்பாதை மேஸ்திரியின் தலையை இரும்புக் கம்பி துளைத்துப் போனது. அவர் குணம் மாறியதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். பழைய வேலை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை, உண்மைதான். ஆனால் அதே மனிதர் பிறகு சிலி நாட்டில் பல ஆண்டுகள் குதிரை வண்டி ஓட்டினார். அதே தடம், அதே நேரம், தினமும் ஒரே ஒழுங்கு. அந்த ஒழுங்கு அவரைத் தாங்கியது என்று நான் நம்புகிறேன். உங்கள் கணவருக்கும் அதுதான் வேண்டும்.

பண விஷயம். சம்பளச் சீட்டில் இஎஸ்ஐ (தொழிலாளர் அரசு காப்பீடு) பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள். வேலையிலிருந்து வீடு திரும்பும் வழியில் நடந்த விபத்தையும் வேலையில் பட்ட காயமாகக் கருத இடமுண்டு. சம்பாதிக்கும் திறன் குறைந்திருந்தால் மருத்துவக் குழு பார்த்து உதவித்தொகை முடிவு செய்யும். வேன் மோதிய வழக்கை நடத்தும் வக்கீலிடமும் வேலைத்திறன் குறைந்ததைச் சொல்லுங்கள், தாமதிக்க வேண்டாம். இதைப் படிக்கும் அரசு ஊழியர் குடும்பங்களுக்கு ஒரு வார்த்தை: பணியில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டால் வேலையை விட்டு நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது என்கிறது 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 20ஆம் பிரிவு. பழைய வேலை முடியாவிட்டால் அதே சம்பள விகிதத்தில் வேறு பணி தர வேண்டும். அதனால் அவசரப்பட்டு விருப்ப ஓய்வு எழுதிக் கொடுக்காதீர்கள்.

கடைசியாக வண்டிச் சாவி. தலைக் காயத்துக்குப் பிறகு வலிப்பு வரும் அபாயம் சிலருக்கு உண்டு. நரம்பியல் மருத்துவர் சரி என்று சொல்லும் வரை சாவி உங்களிடமே இருக்கட்டும். காலையில் பஸ்ஸில் போகட்டும். மத்தியானம் வேலை முடியும் நேரத்துக்கு நீங்கள் கேட்டில் நில்லுங்கள். வரும் வழியில் கணக்கு வழக்கு எதுவும் கேட்காதீர்கள், வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் தூங்கட்டும்.