ரவுட்டரில் டைனமிக் ரவுட்டிங்கை டிக் அடித்தால் மட்டும் போதுமா?

ஆபீஸுக்கும் குடோனுக்கும் நடுவே விபிஎன் (இணையத்தின் மேல் போட்ட தனிப்பாதை) ஓடுகிறது, அடுத்த மாதம் ஒரு ஷோரூமும் சேரப்போகிறது, ரவுட்டரில் டைனமிக் ரவுட்டிங் (ரவுட்டர்கள் தங்களுக்குள் பேசி வழியைத் தாமே கண்டுபிடிப்பது) பக்கத்தில் 'ரிப்' (RIP, அப்படிப் பேசும் புரோட்டகால்களில், அதாவது பேச்சு விதிகளில், ஒன்று) என்று ஒரு பெட்டி இருக்கிறது, அதை டிக் அடித்தால் எல்லாம் தானாக நடக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

டிக் மட்டும் போதாது. அதற்கும் முன்னால், உங்களுக்கு அது தேவையா என்று ஒரு தாளில் படம் போட்டுப் பாருங்கள். குடோனும் ஷோரூமும் ஆபீஸோடு மட்டும் டனல் (அந்த விபிஎன் பாதை) போட்டிருந்தால் எங்கே போகவும் ஒரே வழிதான். அது அறுந்தால் எந்த புரோட்டகாலும் புது வழியை உண்டாக்கித் தராது. ரவுட்டருக்கு இரண்டு வரி, மொத்தம் ஆறு ஸ்டேட்டிக் ரூட் (நாமே கையால் எழுதி வைக்கும் வழி), பத்து நிமிட வேலை. ஏதாவது இரண்டு இடங்களுக்கு நடுவே நிஜமாகவே இரண்டாவது வழி இருக்கும்போதுதான் டைனமிக் ரவுட்டிங்குக்கு வேலையே வருகிறது.

நான் இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்கு நெட்வொர்க் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபீஸ் மொட்டை மாடியில் ஒரு ரேடியோ, இரண்டு கிலோமீட்டர் தள்ளி டையிங் யூனிட் மாடியில் இன்னொன்று. அது போனால் இருக்கட்டும் என்று இரு பக்கத்து பிராட்பேண்ட் வழியாகவும் ஒரு டனல். ஒரு நாள் சாயங்காலம் காற்றும் மழையுமாக அடித்ததில் யூனிட் மாடி ரேடியோ முகம் திருப்பிக்கொண்டது. "பில் போட முடியலீங்கண்ணா" என்று போன். டனல் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஒரு பாக்கெட்கூட அதில் போகவில்லை. காரணம், ரவுட்டரிலிருந்து மாடிக்குப் போகும் கேபிளுக்கு ஒன்றும் ஆகவில்லை. போர்ட்டில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கேபிள் உயிரோடு இருக்கிறவரை அந்த ஸ்டேட்டிக் ரூட்டும் சரி என்றே ரவுட்டர் நம்பும். காற்றில் என்ன அறுந்தது என்று அதற்கு எப்படித் தெரியும்?

சரி என்று மறுநாளே ரிப்பை ஆன் செய்தேன். அப்புறம் சோதனைக்காக யூனிட் ரேடியோவை அணைத்தேன். மறுபடியும் எல்லாம் நின்றது. அரை மணி நேரம் மண்டையைப் பிய்த்துக்கொண்ட பிறகு ரவுட்டிங் டேபிளைத் திறந்தால், பழைய ஸ்டேட்டிக் வரி அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஒரே நெட்வொர்க்குக்கு ஸ்டேட்டிக்கும் ரிப்பும் இருந்தால் ஸ்டேட்டிக்தான் ஜெயிக்கும். பெரும்பாலான ரவுட்டர்களில் முன்னதன் டிஸ்டன்ஸ் (எதை முதலில் நம்புவது என்ற வரிசை எண்) 1, பின்னதன் டிஸ்டன்ஸ் 120. சின்ன எண்ணுக்குத்தான் மரியாதை. அந்த வரியை அழித்ததும் வழி மாறியது, ஆனால் மூன்று நிமிடம் ஆனது. ரிப் 30 நொடிக்கு ஒரு முறைதான் பேசும், 180 நொடி சத்தம் இல்லை என்றால்தான் எதிராளி போய்விட்டான் என்று முடிவு கட்டும். பில் கவுன்ட்டரில் மூன்று நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அங்கே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொரு கூத்தும் நடந்தது. ரிப்புக்கு வேகம் தெரியாது, எத்தனை ரவுட்டர் தாண்டுகிறோம் என்று மட்டும் எண்ணும். அதன் கணக்கில் ரேடியோவும் ஒரு தாண்டல், டனலும் ஒரு தாண்டல். ரேடியோ திரும்ப உயிர்பெற்ற பிறகும் அது டனலை விடவில்லை. இரண்டும் சமம் என்றால் கையில் இருப்பதை ஏன் மாற்ற வேண்டும் என்பது அதன் நியாயம். எங்கள் ரவுட்டரில் டனலுக்குக் கூடுதல் மெட்ரிக் (தாண்டல் கணக்கு) கொடுக்க இடமே இல்லை. கடைசியில் இரண்டு பக்கமும் மைக்ரோடிக் ரவுட்டர் வாங்கி வைத்து ஓஎஸ்பிஎஃப் (OSPF) என்ற இன்னொரு புரோட்டகாலுக்கு மாறினேன். அதில் ஒவ்வொரு வழிக்கும் நாமே காஸ்ட் கொடுக்கலாம், குறைந்த காஸ்ட் உள்ளதைத்தான் அது எடுக்கும். ரேடியோவுக்கு காஸ்ட் 10, டனலுக்கு 100. ஹலோ (எத்தனை நொடிக்கு ஒரு முறை குரல் கொடுப்பது) 10 நொடி, டெட் (எத்தனை நொடி சத்தம் இல்லையென்றால் எதிராளி போனதாக முடிவு கட்டுவது) 40 நொடி. இந்த இரண்டும் இரு பக்கமும் ஒத்துப்போக வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரனாகவே ஏற்றுக்கொள்ளாது. இரு முனையிலும் எம்டியு (ஒரு பாக்கெட் எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற அளவு) வேறுவேறாக இருந்தால் 'எக்ஸ்ஸ்டார்ட்' என்ற நிலையிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். அந்த வார்த்தையைப் பார்த்தால் வேறெங்கும் தேடாதீர்கள், முதலில் எம்டியுவைப் பாருங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று இடத்திலும் நெட்வொர்க் எண் வேறாக இருக்கிறதா? பிராட்பேண்ட் பெட்டி வந்தபடியே விட்டிருந்தால் இரண்டு இடத்தில் 192.168.1.0 இருக்க வாய்ப்பு அதிகம். மூன்றாவது எண்ணை 10, 20, 30 என்று பிரித்துவிட்டுத்தான் மற்ற வேலை.

அடுத்தது விபிஎன். ரிப்பின் இரண்டாம் பதிப்பு 224.0.0.9 என்ற மல்டிகாஸ்ட் (ஒரே நேரத்தில் பலருக்குப் போகும்) முகவரிக்குப் பேசும், ஓஎஸ்பிஎஃப் 224.0.0.5க்கு. 'இந்த நெட்வொர்க்கிலிருந்து அந்த நெட்வொர்க்குக்கு' என்று கட்டம் நிரப்பும் சாதாரண ஐபிசெக் (ஒரு வகை விபிஎன்) டனலில் இந்தப் பேச்சு உள்ளே நுழையாது. நீங்கள் டிக் அடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான். டனல் ரவுட்டருக்கு ஒரு தனி இன்டர்ஃபேஸாக, அதாவது இன்னொரு போர்ட் போல, தெரிய வேண்டும்; அதற்கு ஐபிசெக் மேல் ஜிஆர்இ (மல்டிகாஸ்ட்டையும் சுமக்கும் ஒரு டனல் வகை) போடலாம். வயர்கார்ட் (இன்னொரு வகை விபிஎன்) என்றால் அனுமதித்த முகவரிகளில் அந்த மல்டிகாஸ்ட் எண்ணையும் சேர்க்க மறக்காதீர்கள்.

ரிப் என்றால் முதல் பதிப்பைத் தொடவே வேண்டாம், அது சப்நெட் மாஸ்க்கை அனுப்பாது. வேன் (WAN) பக்கம், அதாவது இணையம் வரும் பக்கம், ரிப் கண்டிப்பாக ஆஃப். ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் இருக்கும் பக்கம் பாஸிவ். அந்த நெட்வொர்க்கைப் பற்றி மற்றவர்களுக்குச் சொல்லும், ஆனால் அதற்குள் போய்க் கத்தாது. பாஸ்வேர்ட் வைக்கும் வசதி இருந்தால் வையுங்கள். 'டிஃபால்ட் ரூட்டை அறிவி' என்ற பெட்டி கண்ணில் பட்டால் கை வைக்காதீர்கள், ஷோரூம்காரர் பார்க்கும் யூடியூப் எல்லாம் ஆபீஸ் வழியாகச் சுற்றிவரக்கூடும்.

முக்கோணமாக மூன்று டனல் போட்டாலும் ஆபீஸ் பிராட்பேண்டே செத்தால் ஒன்றும் உதவாது. ஆபீஸுக்கு இரண்டாவது இணைப்பு ஒன்று எடுத்து, அதிலும் டனல் போட முடியும் என்றால் ஓஎஸ்பிஎஃப் உள்ள ரவுட்டருக்குச் செலவு செய்யலாம். இல்லையென்றால் அந்த ஆறு வரியே போதும்.

செய்துவிட்டால், கன்ஃபிகரேஷனை பேக்கப் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை சோதியுங்கள். உங்கள் ரவுட்டரில் கேபிளைப் பிடுங்கிப் பார்ப்பது சோதனையே இல்லை, அதை ரவுட்டர் உடனே கண்டுபிடித்துவிடும். எதிர்ப்பக்கத்தில் இருப்பதை அணைக்கச் சொல்லிவிட்டு, பிங்கை (அந்தப் பக்கம் பதில் சொல்கிறதா என்று பார்க்கும் கட்டளை) ஓடவிட்டு, எத்தனை நொடியில் திரும்ப வருகிறது என்று எண்ணுங்கள்.