ஃபிஃப்த் வீல் தேய்மானம்: பிளாஸ்டிக் தட்டு வாங்கலாமா?

கேள்வி: தூத்துக்குடித் துறைமுகத்துக்கு 40 அடி கன்டெய்னர் ஏற்றும் டிரெய்லர் வைத்திருக்கிறேன். பிரேக் போட்டாலும் கிளம்பினாலும் 'டக்' என்று அடிக்கிறது. வளைவில் ஸ்டீயரிங் கனக்கிறது. கிங் பின்னில் (டிரெய்லரின் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் எஃகு முளை) பிளாஸ்டிக் வட்டத் தட்டு மாட்டிவிட்டால் கிரீஸே தேவையில்லை என்கிறார் கடைக்காரர். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். உங்கள் வண்டியில் இருப்பது இரண்டு கோளாறு. ஸ்டீயரிங் கனப்பது, ஃபிஃப்த் வீல் தட்டு (இழுக்கும் வண்டியின் மேல் டிரெய்லரைத் தாங்கும் இணைப்புத் தட்டு) கிரீஸ் வற்றி இரும்போடு இரும்பு உரசுவதால். 'டக்' என்பது கிங் பின்னுக்கும் அதைக் கவ்வும் தாடைக்கும் நடுவே விழுந்த இடைவெளி. பிளாஸ்டிக் தட்டு முதலாவதற்குக் கொஞ்சம் உதவும், இரண்டாவதைத் தொடக்கூட தொடாது.

அதைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. பிளாஸ்டிக் தட்டின் தடிமன் எவ்வளவோ அவ்வளவு டிரெய்லர் மேலே ஏறும்; கிங் பின் அந்த அளவுக்குக் குறைவாகவே தாடைக்குள் இறங்கும். பிடி சரியாக விழாவிட்டால் ஓட்டத்திலேயே டிரெய்லர் கழன்றுவிடும். பிக்கப் வண்டியில் இழுக்கும் முகாம் டிரெய்லர்களுக்கு இது பழக்கத்தில் இருக்கிறது. கன்டெய்னர் பாரத்துக்கு, ஃபிஃப்த் வீலின் கையேடு அனுமதித்தால் ஒழியப் போடக்கூடாது. தொழிற்சாலையிலேயே பிளாஸ்டிக் பதித்து வரும் ஃபிஃப்த் வீல் வேறு விஷயம். அதிலும் தாடைக்குக் கிரீஸ் வேண்டும்.

அந்தப் பணத்தில் லித்தியம் ஈ.பி. 2 கிரீஸ் (அதிக அழுத்தம் தாங்கும் வகை) வாங்குங்கள், மாலிப்டினம் கலந்தது கிடைத்தால் நல்லது. பழைய கிரீஸின் மேலேயே புதியதை அப்புவதுதான் பலரும் செய்யும் தவறு. உப்பும் மணலும் அதில் கலந்து உப்புத்தாள்போல் அரைக்கும். டிரெய்லரைக் கழற்றி, ஃபிஃப்த் வீல் தட்டு, தாடை, கிங் பின், டிரெய்லரின் அடித்தகடு நான்கையும் சுரண்டித் துடையுங்கள். பிறகு தட்டின் காடிகளை நிரப்பி, மேலே மெல்லிய படலமாகப் பூசுங்கள். தாடையின் உட்புறத்தை மறக்கவேண்டாம். தட்டு காய்ந்து பளபளத்தால் நாள் கணக்குப் பார்க்காமல் உடனே பூசுங்கள்.

துடைத்த கையோடு வெர்னியர் அளவுகோலால் கிங் பின்னை அளந்துவிடுங்கள். 2 அங்குலப் பின்னின் கழுத்து (தாடை கவ்வும் ஒடுங்கிய பகுதி) புதிதில் 50.8 மி.மீ.; 49-க்கு வந்தால் மாற்றியே ஆகவேண்டும். தேய்மானம் முன்பின்னாகத்தான் அதிகம் விழும், ஆகவே நாலு பக்கமும் அளக்கவேண்டும். கிங் பின் நன்றாக இருந்தால், தாடையைக் கையேட்டில் சொன்னபடி இறுக்கினாலே 'டக்' சத்தம் அடங்கக்கூடும். இறுக்க இடமில்லாவிட்டால் அதே மாடலுக்குரிய தேய்மான உதிரி செட் கேட்டு வாங்குங்கள். தேய்ந்த பின்னில் வெல்டிங் வைத்துப் பருமனாக்கித் தருகிறோம் என்பவர்களிடம் கொடுத்துவிடாதீர்கள். பதமேற்றிய எஃகு அந்தச் சூட்டில் கெட்டுப்போய், பாரத்தில் முறியும்.

மாட்டும்போது டிரெய்லரின் அடித்தகடு ஃபிஃப்த் வீலைவிடச் சற்றுத் தாழ்ந்தே இருக்கட்டும். மாட்டியதும் டார்ச் அடித்துக் கீழே குனிந்து பாருங்கள்: இரண்டு தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரியக்கூடாது, தாடை பின்னின் கழுத்தைச் சுற்றி மூடியிருக்கவேண்டும். டிரெய்லர் பிரேக்கைப் பிடித்து முதல் கியரில் ஒருமுறை இழுத்துப் பார்த்த பிறகே கிளம்புங்கள்.