லித்தியம் சாப்பிடும் பிள்ளைக்கு உப்பில்லா விரதம் ஆகுமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம். படிவம் 4 படிக்கும் மகனுக்கு பைபோலார் (மனம் ஒரேயடியாக எகிறுவதும் சோர்ந்து விழுவதுமாக மாறிமாறி வரும் நோய்) என்று சொல்லி, ஈப்போவில் மூன்று மாதமாக லித்தியம் கொடுக்கிறார்கள். இப்போது நன்றாக இருக்கிறான். "அதான் சரியாயிடுச்சே, மாத்திரையை நிறுத்து" என்கிறார் கணவர். மாமியாரோ, தைப்பூசத்துக்கு அவன் 48 நாள் விரதமிருந்து பால்குடம் எடுப்பான் என்று நேர்ந்துவிட்டார். கடைசி வாரம் உப்பில்லாச் சாப்பாடு. செய்யலாமா?

பதில்: சைவமாக இருக்கட்டும், தப்பில்லை. உப்பில்லாச் சாப்பாடு மட்டும் கூடவே கூடாது. உடம்பில் உப்பு குறைந்தால் சிறுநீரகம் இருக்கிற உப்பை வெளியே விடாமல் பிடித்துக்கொள்ளும். கூடவே லித்தியத்தையும் பிடித்துக்கொள்ளும். மாத்திரை அதே அளவுதான், ஆனால் ரத்தத்தில் அளவு ஏறிவிடும். பட்டினி, வெயிலில் வியர்ப்பது, வயிற்றுப்போக்கு எல்லாவற்றிலும் இதே கதைதான். அதற்காக உப்பை அள்ளிப் போடவும் வேண்டாம், அளவு இறங்கிவிடும். வழக்கமாக வீட்டில் போடும் உப்பே போதும்.

பால்குடம் எடுக்கலாம். விடியற்காலையிலேயே, சாப்பிட்டுவிட்டு, கையில் தண்ணீர் போத்தலோடு. ஆனால் முதல் நாள் இரவு கோயிலில் கண்விழிப்பது வேண்டாம். பைபோலார் பிள்ளைகளுக்கு ஒரு ராத்திரித் தூக்கம் கெட்டாலே மனம் எகிறத் தொடங்கலாம். உப்பில்லா விரதத்தை அப்பா ஏற்றுக்கொள்ளட்டும். மாமியாரிடம் அப்படிப் பேசிப் பாருங்கள்.

லேசான கை நடுக்கம் பலருக்கு இருக்கும். கரண்டி பிடிக்க முடியாத நடுக்கம், வாந்தி, தள்ளாட்டம், பேச்சுக் குழறல் வந்தால் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். கால்வலி என்று வோல்டரனோ ஐபுப்ரோஃபெனோ வாங்கிக் கொடுக்காதீர்கள், இரண்டும் லித்தியத்தை ஏற்றும். பனடோல் போதும்.

இனி உங்கள் கணவர் கேட்டது. அவன் நன்றாக இருப்பதே மாத்திரையால்தான். லித்தியத்தைச் சட்டென்று நிறுத்தினால் நோய் திரும்பும் ஆபத்து அதிகம், பெரும்பாலும் வெறியெழுச்சியாகவே (மனம் கட்டுமீறி எகிறும் நிலை) திரும்பும். பின்னாளில் நிறுத்த வேண்டி வந்தாலும் மருத்துவர் குறைந்தது நான்கு வாரம், முடிந்தால் மூன்று மாதம் எடுத்துப் படிப்படியாகக் குறைப்பார். ஒரு வேளை மறந்துபோனால் அடுத்த வேளையில் இரண்டாகக் கொடுக்காதீர்கள்.

லித்தியம் அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனையில் அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று: கடைசி மாத்திரைக்குப் பின் 12 மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுக்க வேண்டும். இரவு 9க்கு மாத்திரை என்றால் காலை 9க்கு ரத்தம். காலை வேளை மாத்திரையும் உண்டென்றால் அதைப் பையில் போட்டுக்கொண்டு போங்கள், ரத்தம் கொடுத்த பிறகு சாப்பிடட்டும். பஸ் பிடிக்கும் அவசரத்தில் வீட்டிலேயே விழுங்கிவிட்டால் அளவு பொய்யாக ஏறித் தெரியும். மருத்துவர் தேவையில்லாமல் மருந்தைக் குறைத்துவிடுவார். அளவு பெரும்பாலும் லிட்டருக்கு 0.6க்கும் 1.0 மில்லிமோலுக்கும் (mmol/L) இடையில் இருக்க வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை தைராய்டும் சிறுநீரகமும் பார்ப்பார்கள்.

சமையலறை நாள்காட்டியில் தினமும் இரண்டே எண் எழுதுங்கள்: படுத்த நேரம், எழுந்த நேரம். மூன்று நான்கு மணி நேரமே தூங்கியும் களைப்பில்லாமல் துள்ளிக்கொண்டு, வாய் ஓயாமல் பேசுகிறான் என்றால் மறு சந்திப்புத் தேதிவரை காத்திருக்காதீர்கள். நாள்காட்டியைக் கையோடு கொண்டுபோங்கள். "கொஞ்ச நாளாகத் தூக்கமில்லை" என்பதைவிட அது மருத்துவருக்கு எவ்வளவோ மேல்.

மாத்திரைப் பொட்டலம் உங்கள் பொறுப்பில் பூட்டிய இடத்தில் இருக்கட்டும். தோட்டத்து வீடுகளில் களைமருந்துப் போத்தல் கொல்லையில் சும்மா கிடக்கும். அதையும் இன்றே வெளியேற்றுங்கள். சாவைப் பற்றிப் பேசினால் தனியே விடாதீர்கள். 15555 என்ற மனநல உதவி எண்ணுக்கு அழைக்கலாம். உயிருக்கு ஆபத்தென்றால் 999.