சீசனுக்காக அறையைக் காலி செய்யச் சொன்னால்

வணக்கம் நண்பரே. கொடைக்கானலில் உங்களுக்கு விடுதி வேலை. நீங்கள் தங்கியிருக்கும் மாத வாடகை அறையை மே மாதப் பயணிகளுக்கு நாள் வாடகைக்கு விட வேண்டும் என்று உரிமையாளர் காலி செய்யச் சொல்கிறார், மறுத்ததும் தண்ணீரை நிறுத்திவிட்டார் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மனம் கொதித்தது. அந்தக் குளிரில் எங்கே போய்ப் படுப்பீர்கள்?

2017ஆம் ஆண்டின் தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி தண்ணீரையும் மின்சாரத்தையும் இப்படித் துண்டிக்கக் கூடாது. அந்தச் சட்டப்படி இத்தகைய புகார்களை விசாரிக்கும் வாடகை அதிகாரியிடம் உடனே மனு கொடுங்கள். எழுத்து ஒப்பந்தம் இல்லாதது உங்களுக்குப் பலவீனம்தான். அதனால் வாடகையை இனி கையில் தராமல் வங்கி வழியாக அனுப்புங்கள், அதுவே சான்றாகும். காலி செய்வதாக எதிலும் கையெழுத்திடாதீர்கள். விடுதி முதலாளியிடமும் இன்றே பேசுங்கள்: சீசனில் ஆள் கிடைக்காமல் தவிப்பவர் அவர்தான், தங்க இடம் கேட்க இதுவே நேரம்.