மியூனிக்கா, நியூ ஜெர்சியா?

அன்புள்ள ஐயா,

பதினோரு ஆண்டுகளாக நியூ ஜெர்சியில் இருக்கிறோம். கணவர் எச்-1பி விசாவில் வேலை பார்க்கிறார். நிரந்தர வசிப்புரிமை தரும் கிரீன் கார்டுக்கான வரிசை நகர்வதாகத் தெரியவில்லை. இப்போது ஜெர்மனியின் மியூனிக்கில் வேலை கிடைத்திருக்கிறது, ஆனால் சம்பளம் இங்கே வாங்குவதில் பாதிதான். சென்னையில் பிறந்து, கைக்குழந்தையாக எங்களோடு வந்த மகளுக்கு இப்போது வயது 12. நண்பர்கள் எங்களைப் பைத்தியம் என்கிறார்கள். வாழ்க்கைத் தரம் எங்கே உயர்ந்தது என்பதை எதை வைத்து முடிவு செய்வது?

சு.

அன்புள்ள சு. அவர்களுக்கு,

உங்கள் நண்பர்களைக் குறை சொல்ல மாட்டேன். அமெரிக்காவில் கைக்கு வரும் பணமும், அதில் வாங்கக்கூடிய வீட்டின் விசாலமும் ஜெர்மனியில் அரிது. மியூனிக்கிலோ வாடகை அந்த நாட்டிலேயே மிக அதிகம். வருமானத்தோடு ஆயுளையும் கல்வியையும் சேர்த்து எண்ண வேண்டும் என்றுதான் பாகிஸ்தானியப் பொருளியல் அறிஞர் மஹ்பூப் உல் ஹக் 1990இல் மனித வளர்ச்சிக் குறியீட்டைக் கொண்டுவந்தார். அதில் ஜெர்மனி அமெரிக்காவுக்கு மேலே இருக்கிறது என்றாலும், அது முழு நாட்டின் சராசரி. விசாவை நம்பி வாழும் ஒரு குடும்பத்தின் கவலை எதுவும் அந்தக் கணக்கில் ஏறுவதில்லை.

எனவே சட்டங்களைப் பாருங்கள். உங்கள் கணவரின் வேலை போனால், வேறு வேலை தேடவோ நாட்டைவிட்டுக் கிளம்பவோ அமெரிக்காவில் அவருக்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம். கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டவருக்கும் ஆண்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் பொதுவாகக் கிடையாது என்ற வரம்பு இந்தியர்களைப் பல பத்தாண்டுகள் காக்க வைக்கிறது. ஜெர்மனியில் நீல அட்டையில், அதாவது உயர்தகுதி பெற்ற வெளிநாட்டவருக்கான வேலை அனுமதியில், இருப்பவர் பி1 எனப்படும் இடைநிலை ஜெர்மன் கற்றுவிட்டால் 21 மாதங்களில் நிரந்தர வசிப்புரிமை கோரலாம். நோயுற்றால் முதல் ஆறு வாரங்களுக்கு முழுச் சம்பளத்தை நிறுவனமே தர வேண்டும்; அரசு சார்ந்த காப்பீட்டில் சேர்ந்தால் வருமானமில்லாத மனைவிக்கும் குழந்தைக்கும் தனிச் சந்தா இல்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: வேக வரம்பே இல்லாத நெடுஞ்சாலைப் பகுதிகளைக் கொண்ட அந்த நாட்டோடு ஒப்பிட்டால், மக்கள்தொகை விகிதப்படி அமெரிக்கச் சாலைகளில் இறப்பவர்கள் ஏறத்தாழ நான்கு மடங்கு.

ஆயினும் உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது மகளின் வயதுதான். கிரீன் கார்டு வராமலே அவளுக்கு 21 வயதானால், உங்களைச் சார்ந்து அங்கே தங்கும் உரிமையை அவள் இழந்துவிடுவாள்; வளர்ந்த ஊரிலேயே மாணவர் விசா கேட்டு நிற்க நேரிடும். மியூனிக் போனாலும் அவளுக்கு எளிதன்று. மியூனிக் இருக்கும் பவேரியா மாநிலத்தில் நான்காம் வகுப்பு முடிந்ததுமே பிள்ளைகளை வெவ்வேறு வகைப் பள்ளிகளுக்குப் பிரித்துவிடுகிறார்கள். அந்தப் பிரிவினை முடிந்த பிறகு, மொழி தெரியாமல் அவள் போய்ச் சேருவாள். நன்றாகப் படிக்கிற பிள்ளையும் ஓரிரு ஆண்டு வாயடைத்து உட்கார வேண்டியிருக்கும். சம்பள இழப்பைவிட இதையே நான் பெரிய விலையாகக் கருதுகிறேன்.

அப்படியிருந்தும் நான் மியூனிக் பக்கமே சாய்வேன், ஏனெனில் மொழித் தடை அவள் உழைத்துக் கடக்கக்கூடியது; விசா வரிசையில் அவள் உழைப்புக்கு வேலையில்லை. ஆனால் சம்மதக் கடிதம் அனுப்பும் முன் அவளிடம் இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஜெர்மன் வகுப்பில் மூவரும் இந்த மாதமே சேர்ந்துவிடுங்கள்.